வலியே இல்லாதவனுக்கு கேப்சூல் கேமரா எதுக்கு?

பூம்பாறைக்காரன்:
வணக்கம். வயசு 34, பூண்டு விவசாயம். க்ரோன்ஸ்னு (குடல் வீங்கிப் புண்ணாகுற நாள்பட்ட நோய்) நாலு வருசமா அசாதியோப்ரின் மாத்திரை ஓடுது. இப்ப வயித்து வலி கிடையாது, மூட்டையும் தூக்குறேன். ஆனா ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்ட மாட்டேங்குது. மலத்துல பார்க்கிற கால்புரொடெக்டின் 640, குடல்ல அழற்சி இருந்தா ஏறுற அளவு அது. ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டு கொலோனோஸ்கோப்பி பண்ணினா சுத்தமா இருக்கு. மதுரை டாக்டர் கேப்சூல் எண்டோஸ்கோப்பி எழுதிட்டார், மாத்திரை மாதிரி கேமராவ முழுங்கி சிறுகுடலப் படம் எடுக்குற டெஸ்ட். 40 ஆயிரம் கிட்ட வருதாம். அடுத்த போகத்து விதைப்பூண்டுக்கு வச்ச காசு அது. "பச்சைப் பூண்டு நாலு பல்லு முழுங்குடா, கேமராவ ஏன் முழுங்குற"ங்கிறாங்க அம்மா. பார்த்துட்டு என்னத்த மாத்தப் போறாங்க?

கோத்தகிரி டீக்கார அண்ணன்:
தம்பி, நானும் இதேதான் கேட்டேன். கொலோனோஸ்கோப்பி பெருங்குடல் முழுக்கப் பார்த்துட்டு, சிறுகுடலோட கடைசி சில சென்டிமீட்டர எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அதுக்கு மேல இருக்கிற 20 அடியும் இருட்டு. எனக்கு நடுச் சிறுகுடல்ல வரிசையா புண்ணு. வலி துளிகூட இல்லை.

காலைல வெறும் வயித்துல முழுங்கணும், உங்க ஊர்ப் பூண்டுப் பல்லு பருமன்தான் இருக்கும். இடுப்புல ரெக்கார்டர் பெட்டி. நொடிக்கு 2 படம்னாலே 8 மணி நேரத்துக்கு 57,600 படம். படத்துல சிறுகுடல் அழற்சி எவ்வளவுன்னு பார்த்து லூயிஸ் ஸ்கோர்னு ஒண்ணு போடுவாங்க. 135-க்குக் கீழ இருந்தா நல்லது, 790-க்கு மேல போனா நடுத்தரத்துலேர்ந்து கடுமை வரை. எனக்கு 900 சொச்சம். அதைப் பார்த்துட்டுத்தான் மாத்திரையோட நிறுத்தாம அடலிமுமாப் ஊசிக்கு மாத்தினாங்க (முதல்ல டிபி டெஸ்டும் நெஞ்சு எக்ஸ்ரேவும்). ஒரு வருசம் கழிச்சு மறுபடி கேப்சூல், 112.

ஊசிய 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். "எங்க ஊர்ல ஃப்ரிட்ஜே வேண்டாம், ஜன்னலோரம் வச்சா போதும்"னு சொல்லி நர்ஸ்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். உறைபனில ஊசி உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதானாம்.

பண்ணைக்காடு:
அவசரப்படாதீங்க. என் மச்சானுக்கு ஒரு ஆஸ்பத்திரில நேரா கேமரா கேப்சூலக் கொடுத்துட்டாங்க. குடல்ல ஒரு இடம் சுருங்கியிருந்தது, அங்க போய் மாட்டிக்கிச்சு. பதினெட்டு நாள் கழிச்சு ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. முதல்ல கரையுற டம்மி கேப்சூல் கொடுக்கச் சொல்லுங்க, பேட்டன்சி கேப்சூல்னு பேரு. 30 மணி நேரத்துக்குள்ள முழுசா வெளிய வந்தா வழி தெளிவு. மாட்டினாலும் தானா கரையும். அப்புறம், கேமரா வெளிய வர்ற வரைக்கும் எம்ஆர்ஐ பக்கமே போகக் கூடாது.

ரிட்டயர்டு சிஸ்டர், குன்னூர்:
மூட்டை தூக்குறேன்னு எழுதியிருக்கீங்களே, இடுப்பு வலிக்கு என்ன போடுறீங்க? டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையே சிறுகுடல்ல புண்ணு போடும். கேமராவுல அது க்ரோன்ஸ் புண்ணு மாதிரியே தெரியும். கேப்சூல் படம்தான் எடுக்கும், சதை கிள்ளி எடுத்துட்டு வராது. அதனால டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. இந்த மாத்திரைய முன்கூட்டியே, ஒரு மாசமாவது, நிறுத்தச் சொல்லுவாங்க.

பூம்பாறைக்காரன்:
சிஸ்டர், கையும் களவுமா பிடிச்சிட்டீங்க. பூண்டு பிடுங்கினதுல இருந்து தினம் ஒண்ணு, பெட்டிக்கடைல வாங்கி. டாக்டர் கேட்கல, நானும் சொல்லல. இன்னைக்கே போன் பண்ணிச் சொல்றேன். அவர் சரின்னா மாத்திரைய நிறுத்திட்டு, அடுத்த மாசம் டம்மி, அப்புறம் கேமரா.

ஒரே சந்தேகம். டம்மி முழுசா வந்துச்சான்னு எப்படிப் பார்க்கிறது? எங்க கக்கூஸ்ல பல்பே இல்ல.

பண்ணைக்காடு:
பழைய பிளாஸ்டிக் சல்லடை ஒண்ணு, டார்ச் ஒண்ணு. மச்சான் வீட்ல இப்ப அந்தச் சல்லடைய யாரும் தொடுறதில்ல. கண்ல படலேன்னாலும் பயமில்ல, மதுரைல எக்ஸ்ரே எடுத்தா உள்ள இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்.