பதில்: கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்: 'உறைநிலை' வேண்டாமே

> பல்கலைக்கழகம் ஒன்று வாங்கப்போகும் கருவியைப் பற்றி எழுதுகிறேன். 'உறைநிலை மின்னணு நுண்ணோக்கி' சரிதானா?

நண்பர்களே,

'நுண்ணோக்கி'யில் சண்டை இல்லை. 'மின்னணு'வை விட்டுவிடலாம். வாக்குப்பதிவு இயந்திரம் முதல் குடும்ப அட்டை வரை அது வேறு வேலைக்குப் போய்விட்டது. பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் 'எலக்ட்ரான்' போதும். என் தகராறு 'உறைநிலை'யோடுதான்.

கடுங்குளிரில் (அதுதான் 'கிரையோ') வைத்த புரதம் போன்றவற்றின் வடிவத்தை எலக்ட்ரான்களால் படமெடுக்கும் கருவி இது. உள்ளே வெற்றிடம். ஈரமான புரதத்தை அப்படியே வைத்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். சரி, உறையவைத்து வைக்கலாம் என்றால் தண்ணீர் படிகமாகிறது. படிகம் மாதிரியைக் குலைக்கும். எலக்ட்ரான்களைத் தன் பங்குக்குச் சிதறடித்துப் படத்தையும் கெடுக்கும். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் விஞ்ஞானி ழாக் துபோஷே குழுவினர் கண்ட வழி, படிகமாவதற்கு நேரமே கொடுக்காமல் குளிரவைப்பது. மூலக்கூறுகள் அணிவகுப்பதற்குள், திரவத்தில் கிடந்த தாறுமாறான நிலையிலேயே கண்ணாடிபோல இறுகிவிடுகின்றன. 2017 வேதியியல் நோபலில் அவருக்குப் பங்கு வாங்கித் தந்த வேலை இதுதான்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி; நேரே அதில் முக்கினால் ஆகாதா? ஆகாது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் தன் ஆவியின்மேலேயே உருண்டோடுமே, அதே கதை. மாதிரியைச் சுற்றி நைட்ரஜன் கொதித்து வாயுப் போர்வை போர்த்திவிடும், குளிர் உள்ளே போகத் தாமதமாகும். அதனால் நைட்ரஜனால் குளிர்வித்த திரவ ஈத்தேனில் முக்குகிறார்கள்.

> நெய்யும்தானே உறைகிறது? 'உறை' என்றாலே படிகமா?

நெய்யையே எடுத்துக்கொள்வோம். மெதுவாக ஆறினால் மணல் மணலாக உறையும். உருக்கிய சூட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் வழவழவென்று இருக்கும். (அந்த வழவழப்பிலும் நுண்படிகம் உண்டு, உவமையை ரொம்ப இழுக்காதீர்கள்.) நம் 'உறை' இரண்டுக்கும் பொது. ஆனால் தண்ணீர் உறைந்தது என்றால் யாரும் ஐஸ்கட்டியைத்தான் நினைப்பார்கள். எதைத் தவிர்க்க இத்தனை பாடோ, அதையே பெயரில் வைப்பானேன்?

இன்னொன்று. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் தந்த ரைபோசோம் (செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் அமைப்பு) ஆய்வு எக்ஸ் கதிரால் நடந்தது. அதற்கு ரைபோசோமை முதலில் படிகமாக வளர்த்தாக வேண்டும். பிற்பாடு அவர் ஆய்வகமும் கிரையோவுக்கு வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு கொரோனாவின் மேல் முள்போல் நிற்கும் கூர்ப்புரதத்தின் வடிவத்தை வெளியிட்டதும் இந்தக் கருவியால், படிகம் வளர்க்காமல்தான். பல்கலைக்கழகங்கள் இதற்குப் பணத்தைக் கொட்டுவது இதனால்தான். புரதமும் படிகமாக வேண்டாம், தண்ணீரும் படிகமாகக் கூடாது.

ஆகவே கருவிக்கு 'கடுங்குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி'. இறுகிய அந்த நீருக்கு 'கண்ணாடிப்பனி'. 'பளிங்குப்பனி' என்றாலும் காதுக்கு இனிமைதான்.

---

> 'பளிங்குப்பனி' என்றாலும்

ஐயா, இலங்கையிலிருந்து ஒரு குறுக்கீடு. எங்கள் பாடநூல்களில் பளிங்கு என்பது நீங்கள் சொல்லும் படிகம். எங்கள் மாணவர் 'பளிங்குப்பனி'யை நேரெதிராக விளங்கிக்கொள்வார். கண்ணாடிப்பனிக்கே என் வாக்கு. கருவியை மட்டும் நாங்கள் 'கடுங்குளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டி' என்றுதான் எழுதுவோம். அதில் விட்டுக்கொடுக்கும் எண்ணமில்லை.

---

நல்லவேளை சொன்னீர்கள், பளிங்கை எடுத்துவிட்டேன். கருவியின் பெயர் இரண்டாகவே இருக்கட்டும், முன்னொட்டு ஒன்றுதானே. அந்த முக்கும் வேலைக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. 'கண்ணாடியாக்கல்' என்றால் பாட்டில் தொழிற்சாலை வாசம் அடிக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?