புதுப்பிப்பு: தேங்காய் பர்பி ஒருவழியாக வில்லை விழுந்தது

ஒரு கப் தேங்காய்த் துருவலுக்கு ஒரு கப் சர்க்கரை போட்டும் பர்பி ஒருநாள் இளகுகிறது, மறுநாள் கல்லாகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். தராசு வாங்கியதும் குட்டு வெளிப்பட்டது. துருவலை உதிரியாகப் போட்டால் கப்புக்கு 78 கிராம், அழுத்தி நிரப்பினால் 112. சர்க்கரையோ எப்போதும் 200 பக்கம். உதிரியாகப் போட்ட அன்று சர்க்கரை இரண்டரை மடங்கு!

நேற்று துருவல் 200 கிராம், சர்க்கரை 180, ஏலக்காய் இரண்டு. மிதமான தீ. ஓரத்தில் வெள்ளையாக நுரைத்து, கரண்டியோடு சுருண்டு வந்ததும் நெய் தடவிய தட்டில் கொட்டினேன். சூடு ஆறுமுன் கீறியதில் வில்லைகள் உடையவில்லை. முதல் தட்டு மாமியாருக்கே போய்விட்டது.

அப்புறம், கொப்பரைத் துருவலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதில் ஈரம் குறைவு, கொஞ்சம் பால் ஊற்ற வேண்டும்.