திதி கணிப்பில் இரு பஞ்சாங்கங்களும் வேறுபடுகின்றன: வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவில் உள்ள பெரியோர்களுக்கு வணக்கம்.

என் தந்தையாரின் திதி ஆவணி மாதத் தேய்பிறை தசமி. இந்த ஆண்டு எந்த நாளில் சிராத்தம் செய்வது என்பதில் குழப்பம் ஏற்பட்டுள்ளது. பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில், தசமி முடியும் நாளில் அது 22.30 (இருபத்திரண்டரை) நாழிகை வரை என்று இருக்கிறது. இக்கால வானியல் கணக்கைக் கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கத்திலோ அதே நாளில் 17 நாழிகையோடு முடிந்து ஏகாதசி பிறந்துவிடுகிறது. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், காலை 6 மணி உதயத்திலிருந்து கணக்கிட்டால் முன்னது பிற்பகல் 3 மணி, பின்னது 12.48.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகல் ஒரு திதி என்பதும், சந்திரனின் வேகம் மாறுவதால் அது 60 நாழிகைக்குக் கூடியோ குறைந்தோ வரும் என்பதும் எனக்குத் தெரியும். சிராத்தத்துக்கு உதயத் திதியை (சூரிய உதயத்தின்போது உள்ள திதியை) பார்க்காமல், பகலை ஐந்தாகப் பிரித்து நான்காம் பங்கான அபராஹ்ணத்தில், அதாவது ஏறத்தாழ 1.12 முதல் 3.36 வரை, எந்தத் திதி நிற்கிறது என்றே பார்க்க வேண்டும் என்றும் அறிவேன். அப்படிப் பார்த்தால் வாக்கியப்படி அன்றைக்கும், திருக்கணிதப்படி அதற்கு முந்தைய நாளுக்கும் சிராத்தம் வருகிறது.

தந்தையார் எப்போதும் வாக்கியத்தையே பின்பற்றினார்; இப்போது சிராத்தம் செய்து வைப்பவரோ திருக்கணிதமே சரி என்கிறார். குடும்ப வழக்கத்தை மாற்றலாமா, மாற்றினால் அமாவாசைத் தர்ப்பணம் உட்பட எல்லாவற்றுக்கும் அதையே கொள்ள வேண்டுமா என்பதை, இதே நிலையைச் சந்தித்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.