ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. இரண்டும் பாசிட்டிவ்: இது எந்த வகை டெங்கு?

தக்காளி மண்டிக்காரர், பாலக்கோடு:
வணக்கம். என் தாயாருக்கு 58 வயது. காய்ச்சல் தொடங்கிய ஆறாம் நாளான நேற்று ஓர் ஆய்வகத்தில் டெங்குப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். என்.எஸ்.1 (வைரஸின் புரதம்) நெகட்டிவ், ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. (வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள்) இரண்டும் பாசிட்டிவ். அட்டையில் ‘ஜி’ கோடு ‘எம்’ கோட்டைவிட அழுத்தமாகச் சிவந்திருந்தது. “இது பழைய டெங்கு” என்று அங்கிருந்தவர் சொல்லிவிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓசூரில் தங்கை வீட்டில் இருந்தபோது அம்மாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் இருந்தது, அப்போது பரிசோதிக்கவில்லை. டெங்குவின் நான்கு வகைகளுள் இப்போது வந்திருப்பது எது என்று இந்த அறிக்கையை வைத்துச் சொல்ல முடியுமா?

ஆய்வக நுட்புநர், தருமபுரி:
ஐயா, வகையைச் சொல்ல முடியாது. நான்கு வகை வைரஸ்களின் மேலுறைப் புரதமும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருப்பதால், ஒன்றுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் மற்ற மூன்றையும் பற்றிக்கொள்ளும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைக்கூடச் சில வேளை பற்றும். வகையை அறிய, முதல் ஐந்து நாட்களுக்குள் எடுத்த இரத்தத்தில் ஆர்.டி.பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பரிசோதனை) செய்ய வேண்டும்.

ஆனால் உங்கள் அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. முதன்முறை தொற்றில் ஐ.ஜி.எம். நான்கைந்தாம் நாளில் எழும், ஐ.ஜி.ஜி. ஒரு வாரத்துக்குப் பின்னரே மெல்லத் தலைகாட்டும். முன்பே ஒரு வகை வந்து போனவருக்கு வேறொரு வகை தொற்றும்போது, உடல் பழைய நினைவில் ஐ.ஜி.ஜி.யைத் தொடக்கத்திலேயே ஏராளமாகச் சுரக்கிறது, ஐ.ஜி.எம். குறைவாகவே இருக்கும். ஆறாம் நாளிலேயே ஐ.ஜி.ஜி. தெரிவதால் இது இரண்டாம் தொற்றாக இருக்க வாய்ப்பு மிகுதி. கோட்டின் அழுத்தம் அளவு ஆகாது. எதிர்ப்பொருளை அளந்து சொல்லும் எலைசா முறையில் இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால் தெளிவு கிடைக்கும். என்.எஸ்.1 நெகட்டிவ் என்பதாலும் நிம்மதி கொள்ள வேண்டாம், இரண்டாம் தொற்றில் அது விரைவில் மறைந்துவிடும். இப்போது காய்ச்சலும் ஐ.ஜி.எம்.மும் சேர்ந்திருக்கும்போது ‘பழைய டெங்கு’ என்று ஒதுக்குவது தவறு.

ஓய்வுபெற்ற செவிலியர், காவேரிப்பட்டணம்:
தம்பி, வகையைத் தேடுவதைவிட இதுதான் முக்கியம். முதல் வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் இரண்டாம் வகையைத் தடுக்காமல், செல்லுக்குள் நுழைய அதற்கே துணைபோவதுண்டு. அதனால் இரண்டாம் முறை நோய் கடுமையாகலாம். காய்ச்சல் இறங்கியதும் வரும் ஓரிரு நாட்களே ஆபத்தானவை. என் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்ட அன்று மாலை வயிற்று வலி வந்தது. இரவுக்குள் கை கால் சில்லிட்டுவிட்டன. இடைவிடாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி ஆகியவற்றையும் கவனியுங்கள். வலிக்கு புரூபன், ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.

தக்காளி மண்டிக்காரர், பாலக்கோடு:
அம்மா, காய்ச்சல் இன்று காலைதான் விட்டது. வயிறு வலிக்கிறது என்று அவர் இருமுறை சொன்னார். பட்டினியால் என்று நினைத்துவிட்டேன். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இப்போதே புறப்படுகிறோம்.

ஆய்வக நுட்புநர், தருமபுரி:
காய்ச்சல் தொடங்கிய தேதி, இரத்தம் எடுத்த தேதி, காய்ச்சல் விட்ட நேரம் மூன்றையும் அறிக்கையின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். தட்டணுக்களோடு ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவையும் கேளுங்கள். அது ஏறினால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள்.