கழியில் ஏறி வரும் அதிகாரி: சீன ஆட்டம் பற்றி விளக்கம் தேவை

கேள்வி (பென்னாகரம், ஆசிரியை):
வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில், எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு பிறநாட்டு ஆட்டம் ஒன்றை நடத்த விரும்புகிறோம். சீனத் திருவிழா ஊர்வலங்களில், ஊழல் அதிகாரி வேடமிட்டவரை ஒரு மூங்கில் கழியின்மேல் உட்காரவைத்துத் தூக்கிவந்து கேலி செய்யும் ஆட்டம் உண்டு என்று கேள்விப்பட்டேன். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதுபோல வேறொருவர் அவரைப் பழிக்கிறாரா, அல்லது அதிகாரியே பேசுகிறாரா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பயிற்சியைத் தொடங்குவோம்.

பதில் 1 (கிருஷ்ணகிரி):
வணக்கம் அம்மா. நீங்கள் கேட்பது பெய்ஜிங் வட்டாரத்தின் காங்சியாங் ஆட்டமாக இருக்க வேண்டும். நகருக்கு மேற்கேயுள்ள மியாவ்ஃபெங் மலையில், பிசியா யுவான்ஜுன் என்ற தெய்வத்துக்குச் சீன நாட்காட்டியின் நான்காம் மாதம் முதல் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை நடக்கும் திருவிழாவுக்கு ஆட்டக் குழுக்கள் வரிசையாகச் செல்வது வழக்கம். காணிக்கைப் பெட்டிகளைக் கழிகளில் தூக்கிச் செல்லும் குழுவில் இந்த அதிகாரியும் வருவார். சேவகர் உடையில் இருவர் கழியைத் தோளில் தாங்க, அவர் அதன்மேல் இருபுறமும் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பார். அவர்கள் நடக்க நடக்க மூங்கில் துள்ளும். மிடுக்காக நிமிர்ந்து உட்கார முயல்பவர் ஒவ்வோர் அடிக்கும் தடுமாறுவார். மன்னராட்சிக் காலத்தில் அதிகாரிகள் பதவிக்கேற்ப நால்வரோ எண்மரோ சுமக்கும் பல்லக்கில் சென்றவர்கள் என்பதை நினைத்தால், அந்தப் பல்லக்கு ஒற்றைக் கழியாகிப்போனதே அவருக்கு விழும் முதல் கேலி என்பது விளங்கும்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை, அதிகாரியேதான் பேசுகிறார் என்பது. வழியில் நிற்பவர்கள் அவரை மறித்து வழக்கு உரைப்பார்கள். அவர் அந்த இடத்திலேயே கோணலான தீர்ப்பை வழங்குவார். வரி வசூலும் நீதி விசாரணையும் ஒரே வட்டார அதிகாரியின் கையில் இருந்த நாடு அது. எனவே வழக்கு, தீர்ப்பு என்ற வடிவம் பார்ப்பவர்களின் பட்டறிவை நேரடியாகத் தொட்டது. ஊழல்வாதியை எவரும் திட்டத் தேவையில்லை, அவர் வாயைத் திறந்தாலே போதும் என்ற நம்பிக்கையில் நிற்கும் கலை இது. என் பார்வையில் இதன் பெருமை அதுவே.

பதில் 2 (காவேரிப்பட்டணம்):
ஒப்பனை பற்றி ஒரு செய்தி. சீன நாடக மரபில் கோமாளி வேடத்துக்கு மூக்கைச் சுற்றி வெள்ளைப் பூச்சு உண்டு. அதிகாரியின் கருந்தொப்பியில் இருபுறமும் நீளும் சிறகுகளைக் கழுத்தசைவால் ஆட்டியே அவரது பதற்றத்தையும் பேராசையையும் காட்டுவார்கள். கெட்டி அட்டையில் மெல்லிய கம்பி கோத்தால் மாணவர்களே அத்தொப்பியைச் செய்துவிடலாம்.

பதில் 3 (அரூர், கூத்து வாத்தியார்):
அம்மா, எங்கள் பக்கம் பாரதக் கூத்து நடக்கும்போது கட்டியங்காரன் அரசனுக்குக் கட்டியம் கூறிக்கொண்டே, ஊரில் நடக்கும் முறைகேட்டையும் இடையில் நுழைத்துவிடுவான். ஆனால், அவன் அரசனுக்குப் பக்கத்தில் நிற்பவன், அரசனாகவே ஆகிவிடுவதில்லை. கிருஷ்ணகிரி அன்பர் சொல்வதில் கேலிக்குரியவனே கோமாளியாகிறான். எனவே பிள்ளைகளுக்குக் கட்டியங்காரன் பாணியைக் கற்பித்தால் ஆட்டத்தின் இயல்பு கெட்டுவிடும். அதிகாரி வேடமிடும் பிள்ளை தன்னை நேர்மையானவன் என்று முழுமையாக நம்பிப் பேச வேண்டும், சிரிக்கவே கூடாது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரிசையில் நிற்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். ஆகையால் வழக்குரைப்பவர்களாக நடிப்பது அவர்களுக்குக் கடினமாக இராது. முற்றிய மூங்கிலாகத் தேர்ந்து, கணுக்களைச் சீவி, நடுவில் பழந்துணியை இறுகச் சுற்றுங்கள். முனைக்கு இருவராக நால்வர் தூக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, அனைவருக்கும் நன்றி. மேடையைத் தவிர்த்து, திடலில் பார்வையாளர்களுக்கு நடுவே ஊர்வலமாக நடத்த முடிவு செய்துள்ளோம். பெற்றோர் எவரேனும் எழுந்து வழிமறித்து வழக்குரைத்தால், அதிகாரி வேடமிடும் மாணவி உடனுக்குடன் தீர்ப்புச் சொல்லும்படி பயிற்சி கொடுக்கப்போகிறோம்.

பதில் 3 (அரூர், கூத்து வாத்தியார்):
அப்படியானால் முதல் இரண்டு வழக்குகளை மாணவர்களே கொண்டுவரட்டும்; அதைப் பார்த்த பிறகுதான் பெரியவர்களுக்குக் கூச்சம் விலகும்.