காரின் பின்பகுதியில் நாய்த் தடுப்பு: எதை வாங்குவது? உதவி தேவை

ஆழியாறு வழி
அனைவருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை வால்பாறைக்குச் செல்லவேண்டியிருப்பதால் அவசரமாகக் கேட்கிறேன். காரின் பின்பகுதியில் நாயை ஏற்றி, அது முன்னால் தாவி வராதபடி இடையில் ஒரு தடுப்பு வைக்க வேண்டும். சென்ற மாதம் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், காட்சிமுனைக்குச் சற்றுக் கீழே, எதிரே பேருந்து வந்ததால் பிரேக் போட்டு நிறுத்தினேன். மீண்டும் ஏறுவதற்கு முதல் கியரைப் போடும் வேளையில் நாய் இருக்கைக்கு மேலாகத் தாவி, இரண்டு முன்னங்கால்களையும் என் இடது கையின் மீது ஊன்றிவிட்டது. கியர் விழவில்லை, வண்டி ஒரு முழம் பின்னோக்கி உருண்டது. மனைவி கைப்பிரேக்கை இழுத்ததால் தப்பினோம். சில நூறு ரூபாய் வலை முதல் பல ஆயிரம் ரூபாய் இரும்புக் கம்பி வரை கடைகளில் கிடைக்கிறது. எது நல்லது என்று சொல்லுங்கள்.

சிங்காநல்லூர்
நண்பரே, நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை. ஆனால் என்ன கார், எத்தனை இருக்கை, என்ன நாய், எவ்வளவு எடை என்று எதையும் நீங்கள் சொல்லவில்லையே! டிக்கி தனியாக உள்ள செடான் என்றால் இந்தத் தடுப்புக்கே இடமில்லை. பின்கதவு மேலே திறக்கும் வண்டி என்றால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

பட்டறை அண்ணன்
கடையில் விற்கும் எதையும் வாங்காதீர்கள். முக்கால் அங்குலச் சதுரக் குழாயில் சட்டம் அடித்து, நடுவில் கம்பி வலை வைத்து, தரையில் இரண்டு தாங்கிகளை வெல்டிங் செய்து பூட்டினால் யானை முட்டினாலும் அசையாது. பதினைந்து ஆண்டுகளாக இதைச் செய்து தருகிறேன். காய்கறி வண்டிகளுக்கும் செய்திருக்கிறேன், நாய் வளர்ப்பவர்களுக்கும் செய்திருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

லாப்ரடார் வீடு
தடுப்பே வேண்டாம் என்பது என் கருத்து. நாய்க்கான மார்புக் கச்சையை (ஹார்னஸ்) மாட்டி, அதை இருக்கைப் பட்டையின் பூட்டில் இணைத்துவிட்டால் நாய் பின்னிருக்கையிலேயே அமர்ந்து வரும். எங்கள் நாய் ஏழு ஆண்டுகளாக அப்படித்தான் வருகிறது. கழுத்துப் பட்டையில் மட்டும் எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். பிரேக் போட்டால் முழு இழுப்பும் கழுத்தில்தான் விழும்.

மூத்த சாரதி
இந்தக் கேள்வி இங்கே முன்பே பலமுறை வந்துவிட்டது, தம்பி. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இருந்தால் பாதிக் கேள்விகள் எழவே மாட்டா. இருந்தாலும் அடிப்படையிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன் மீதாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருக்கும் நாய் ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாம் மாடியிலிருந்து விழுவதற்கு ஒப்பான வேகத்தில் முன்னே பாயும். 50 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் ஏறத்தாழ பத்து மீட்டராகிவிடும். ஆகவே சில நூறு ரூபாய் வலை நாயின் ஆசையைத் தடுக்குமே தவிர, நாயின் எடையைத் தடுக்காது. வண்டிக்குள் சரக்கைத் தடுத்து நிறுத்தும் சாதனங்களுக்கென்றே ஐஎஸ்ஓ 27955 என்ற தரநிலை இருக்கிறது. விற்பவரிடம் அதைக் கேளுங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள், அதிலிருந்தே பொருளின் தரம் தெரிந்துவிடும்.

சந்தையில் மூன்று வகை உண்டு. தரைக்கும் கூரைக்கும் இடையே திருகி இறுக்கும் கம்பி முதல் வகை. இருக்கையின் தலைசாய்ப்பைத் தாங்கும் இரண்டு தண்டுகளில் கவ்விப் பிடிப்பது இரண்டாவது. குறிப்பிட்ட வண்டிக்கென்றே செய்து, நிறுவனம் விட்டிருக்கும் துளைகளிலேயே போல்ட் போடுவது மூன்றாவது. மூன்றாவது கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டாவது. முதல் வகையை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சிங்காநல்லூர்
முதல் வகையைப் பற்றி என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கி வீட்டிலேயே இறுக்கி மாட்டினேன். கூரையின் உட்புறத் துணிக்குப் பின்னால் இருப்பது அட்டையும் பஞ்சும்தான் என்பதால், இறுக்க இறுக்க அது உள்ளே அமுங்கிக்கொண்டே போனது. ஊட்டி ஏறி இறங்குவதற்குள் கம்பி தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. கழற்றியபோது கூரைத் துணியில் பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு கறுப்புக் குழிகள் விழுந்திருந்தன. இன்றுவரை அவை மேலெழவில்லை. இன்னொன்று, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது கூரையின் ஓரத்துக்குள்தான் மடிந்திருக்கும். அந்த இடத்தில் கம்பியை நிறுத்தக் கூடாது. கதவுக் கண்ணாடிகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்களின் உட்புற உறையில் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். மறுபடியும் கேட்கிறேன்: என்ன கார்?

கால்நடை மருத்துவ மாணவி
நாயின் இனத்தையும் சொல்லுங்கள், அண்ணா. கம்பிகளின் இடைவெளியை முடிவு செய்வது அதுதான்.

ஆழியாறு வழி
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். எர்டிகா, ஏழு இருக்கை. மூன்றாம் வரிசையை மடித்து நாயை அங்கே விடுவோம். சிப்பிப்பாறை ஆண், மூன்று வயது, இருபது கிலோ. தலைசாய்ப்புகள் கழற்றக்கூடியவை. சிஎன்ஜி வண்டி, அதாவது அழுத்திய இயற்கை எரிவாயுவில் ஓடுவது; இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைத்துத்தான் முதலில் சொல்லவில்லை.

மூத்த சாரதி
எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறீர்கள், தம்பி. உங்கள் சிலிண்டர் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் டிக்கியில் கிடக்கிறது. 200 பார் அழுத்தத்தில் வாயு நிரம்பியிருக்கும் கலனுக்கு அருகே வெல்டிங் தாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் கேட்டுக்கொண்டு அமைதியாக இருக்கிறீர்கள்.

பட்டறை அண்ணன்
சிஎன்ஜி என்று தெரிந்திருந்தால் வெல்டிங் என்ற சொல்லையே எடுத்திருக்க மாட்டேன், ஐயா. சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வண்டிக்குள் நெருப்புப் பொறியே கூடாது. துளை போடுவதும் கூடாது, ஏனென்றால் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தரைவிரிப்பைத் தூக்காமல் தெரியாது. சட்டத்தை வெளியே வைத்துச் செய்து கொண்டுவந்து, போல்ட்டிலோ பட்டையிலோ மாட்டலாம். எப்படிச் செய்தாலும் கழற்றும்படி இருக்கட்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதனைக்கு இறக்கும்போது அது குறுக்கே நிற்கும்.

உதகை ஓட்டி
எனக்குத் தெரிந்து காரில் கம்பித் தடுப்பு எதுவுமே போடக் கூடாது. 2017இல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. சோதனைச் சாவடியில் அபராதம் போடுவார்கள்.

மூத்த சாரதி
தவறான தகவலைப் பரப்பாதீர்கள். 2017 டிசம்பரில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது வண்டியின் முன்புறம் வெளியே பூட்டும் காப்புக் கம்பிகளைப் பற்றியது. மோதலின்போது அவை பாதசாரிகளுக்கு ஆபத்து, ஏர்பேக் உணர்விகளின் வேலையையும் கெடுக்கும் என்பதற்காக எழுதப்பட்டது அது. உள்ளே நாய்க்கு வைக்கும் தடுப்புக்கும் அதற்கும் என்ன உறவு?

உதகை ஓட்டி
வெளியே என்றாலும் உள்ளே என்றாலும் மாற்றம் மாற்றம்தானே? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

மூத்த சாரதி
நானும் படித்திருக்கிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதே அந்தப் பிரிவு. கைத்திருகால் கழற்றக்கூடிய சட்டம் எந்த விவரத்தை மாற்றுகிறது? இருக்கையையே பெயர்த்தெடுத்துவிட்டுக் கூண்டு வைத்தால், இருக்கை எண்ணிக்கை மாறிவிடும்; அப்போது நீங்கள் சொல்வது பொருந்தும்.

உதகை ஓட்டி
சாவடியில் நிற்பவரிடம் இவ்வளவு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. சரி, கழற்றக்கூடியது என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

கால்நடை மருத்துவ மாணவி
நாயிடமே திரும்புவோமா? சிப்பிப்பாறையின் முகம் ஒடுங்கி நீண்டது. லாப்ரடாருக்குப் பொருந்தும் கம்பி இடைவெளியில் இதன் வாய் கண்வரை நுழைந்துவிடும். அதன் பிறகு அது பதறிப் பின்வாங்கும்போதுதான் பல்லும் தாடையும் காயப்படும். அதனால் நெடுக்குக் கம்பிகளை விட, ஓர் அங்குலத்துக்கு மிகாத சதுரக் கட்ட வலையே இதற்கு ஏற்றது. கச்சைதான் தீர்வு என்று சொன்னவருக்கும் ஒரு குறிப்பு: சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களின் தலை கழுத்தைவிட அகலமாக இருக்காது, மார்பு ஆழமாகவும் இடை ஒடுங்கியும் இருக்கும். கழுத்துப் பட்டையிலிருந்தும் தளர்ந்த கச்சையிலிருந்தும் பின்பக்கமாக இவை எளிதில் உருவிக்கொண்டு வந்துவிடும். விலாவுக்குப் பின்னால் இரண்டாவது பட்டை உள்ள கச்சை என்றால் பரவாயில்லை.

அது ஏன் தாவியது என்று எவரும் கேட்கவில்லை. மடித்த இருக்கையின் முதுகு வழவழப்பானது. ஒன்பது வளைவுகளிலும் நகம் பற்ற இடமில்லாமல் சறுக்கிக்கொண்டே வந்த நாய், பற்றிக்கொள்ள எதையாவது தேடித்தான் முன்னால் வந்திருக்கும். தடுப்புக்கு முன்பாக, அடியில் சறுக்காத ரப்பர் விரிப்பும் அதன் மேல் கெட்டியான மெத்தையும் போடுங்கள். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் உணவை நிறுத்துங்கள். கூரையில் இருக்கும் குளிர்காற்றுத் துளைகளைப் பின்பக்கம் திருப்பிவிடுங்கள்; தடுப்பின் மீது துண்டு, பை எதையும் தொங்கவிட்டு அந்தக் காற்றை மறைக்காதீர்கள்.

பட்டறை அண்ணன்
அந்தத் தங்கை சொன்னது சரி. வலைக் கட்டம் ஓர் அங்குலம் என்றே கேட்டு வாங்குங்கள்.

எர்டிகாவில் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. நடு வரிசை இருக்கை முன்னும் பின்னும் நகரும், சாயவும் செய்யும். கூரைக்கும் தரைக்கும் நிற்கும் கம்பி அதோடு நகராது. தலைசாய்ப்புத் தண்டில் கவ்வியது கூடவே நகரும். ஆனால் அந்த வகைக்கு மேலே மட்டுமே பிடி இருக்கும், கீழே தொங்கிக்கொண்டிருக்கும். நாய் அடியில் தலையைக் கொடுத்துத் தள்ளினால் தூக்கிக்கொள்ளும். ஆகவே கீழ் மூலைகள் இரண்டையும் சரக்குப் பட்டையால் மூன்றாம் வரிசையின் இரும்புச் சட்டத்தோடு இழுத்துக் கட்டுங்கள். சிலிண்டரைத் தாங்கும் சட்டத்தில் மட்டும் எதையும் கட்டாதீர்கள், நாயின் சங்கிலியைக்கூட. இன்றே ஓர் அளவு நாடாவை எடுத்து நான்கு இடங்களை அளந்துவிடுங்கள்: தண்டுக்கும் தண்டுக்கும் உள்ள தூரம், தண்டின் கனம், இருக்கை முதுகின் மேல்விளிம்பிலிருந்து கூரை வரை, உள் அகலம். கடைக்காரர் எந்த வண்டிக்கும் சேரும் என்று சொன்னாலும் அளவைக் காட்டியே வாங்குங்கள்.

சிங்காநல்லூர்
தண்டுக்கும் கவ்விக்கும் இடையே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் கிலுகிலுவென்று சத்தம் வரும், அந்தச் சத்தமே நாயை மிரட்டும்.

லாப்ரடார் வீடு
கச்சையை விட்டுவிட வேண்டாம் என்று இன்னமும் சொல்வேன். தடுப்பு உங்களைக் காப்பாற்றும். உள்ளே தனியாக உருளும் நாயைக் காப்பாற்றுவது கச்சைதான். பின்கதவைத் திறந்ததும் அது சாலையில் குதித்துவிடாமல் இருக்கவும் அதுவே உதவும்.

ஆழியாறு வழி
சனிக்கிழமை இரவு எழுதுகிறேன். தலைசாய்ப்பில் கவ்வும் வகையையே வாங்கினேன், கட்ட வலை, கீழே இரண்டு பட்டைகள், ரப்பர் விரிப்பு. போய் வந்தாயிற்று. முதல் பத்து வளைவு வரை நின்றுகொண்டே வந்தது, அதன் பிறகு படுத்துவிட்டது. அனைவருக்கும் நன்றி. இடப்பக்கம் மட்டும் இன்னும் லேசாகச் சத்தம் வருகிறது.

பட்டறை அண்ணன்
இடப்பக்கக் கவ்வியின் திருகு தளர்ந்திருக்கும். மலை ஏறி இறங்கிய பிறகு ஒருமுறை இறுக்குவது வழக்கம்தான். இறுக்கிய பின்பும் சத்தம் நிற்காவிட்டால் தண்டின் கனத்தை அளந்து சொல்லுங்கள். கவ்வி ஒரு அளவு பெரியதாக வந்திருக்கலாம்.