16 அடி ஃபைபர் படகுக்கு எந்த ட்ரிம் டேப் சரியாக இருக்கும்?

அஸ்தம்பட்டி_தூண்டில்:
வணக்கம். நான் இருப்பது சேலத்தில், படகு நிற்பது பரங்கிப்பேட்டையில். மாமாவும் நானும் பங்கு போட்டு வாங்கிய 16 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகுக்கு வெளியே பின்னால் மாட்டும் இன்ஜின்), கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற வகை, கைப்பிடியைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். மாதம் இரண்டு தடவை வெள்ளிக்கிழமை ராத்திரி சிதம்பரம் பஸ் ஏறிவிடுவேன். ஆத்தூரைத் தாண்டும்போதெல்லாம், இந்த வசிஷ்ட நதித் தண்ணீர்தானே வெள்ளாற்றில் சேர்ந்து நமக்கு முன்னால் அங்கே போய்ச் சேருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வேகம் கொடுத்தால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்க்கிறது. எதிரில் வலை மிதவை கிடந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை, போன மாதம் ஒன்றின் மேல் ஏறியே விட்டோம், நல்லவேளை கயிறு ப்ரொப்பெல்லரில் சுற்றவில்லை. அப்புறம் இன்ஜின் பிடிக்கும் மாமா கொஞ்சம் கனமானவர், வலது ஓரத்தில் உட்காருவதால் படகு அந்தப் பக்கமே சாய்ந்து ஓடுகிறது. படகின் பின்பலகையில் மாட்டுகிற ட்ரிம் டேப் தகடு போட்டால் இரண்டும் சரியாகும் என்கிறார்கள். பேட்டரியில் ஓடுவது, ஹைட்ராலிக், கேஸ் ஸ்பிரிங் என்று மூன்று வகை பார்த்தேன். எதை வாங்குவது? இல்லை, தெரிந்த பட்டறையிலேயே தகடு வெட்டி, கொஞ்சம் கீழே வளைத்து, போல்ட் போட்டு முடுக்கிவிடலாமா? இன்ஜினுக்கு அடியில் ஒரு சின்னத் துடுப்பு மாதிரி இருக்கிறதே, அதையும் ட்ரிம் டேப் என்கிறார்களே, அதைத் திருப்பினால் போதாதா?

கொளத்தூர்க்காரன்:
காசு செலவழிக்கும் முன்னால் இன்ஜினின் சாய்வுப் பின் (இன்ஜின் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்று நிறுத்தும் கம்பி) எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். வெளித்துளையில் இருந்தால் அணியம் தூக்கத்தான் செய்யும். ஒரு துளை உள்ளே, படகுப் பக்கமாக மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் கேன், ஐஸ் பெட்டி எல்லாம் பின்னால்தானே வைத்திருக்கிறீர்கள்?

முகத்துவாரம்:
தம்பி, முதலில் அந்தச் சின்னத் துடுப்பு. அது ப்ரொப்பெல்லர் சுழற்சியால் கைப்பிடி ஒரு பக்கமாக இழுப்பதைச் சரிசெய்வதற்கு, பல இன்ஜின்களில் அதுவே துருவைத் தாங்கும் துத்தநாகத் துண்டாகவும் இருக்கும். அணியத்தை அது இறக்காது. பெயர் ஒன்றாக இருப்பதால் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

நீங்கள் கேட்கும் ட்ரிம் டேப் பின்பலகையில் இரண்டு பக்கமும் கீல் போட்டு மாட்டுகிற தகடு. தகடு கீழே இறங்கினால் தண்ணீர் அதை மேலே தள்ளும், அமரம் (படகின் பின்பக்கம்) தூக்கும், அணியம் தானாகத் தாழும். வலப்பக்கம் சாய்கிறது என்றால் வலப்பக்கத் தகட்டை மட்டும் இறக்க வேண்டும், அந்த மூலை எழுந்துவிடும். கேஸ் ஸ்பிரிங் வகைக்கு ஒயரிங் வேண்டாம், பேட்டரி வேண்டாம், வேகம் கூடினால் தண்ணீர் அழுத்தமே தகட்டை மேலே தள்ளிவிடும். உங்கள் மாதிரி கயிறு ஸ்டார்ட் படகுக்கு அதுதான் சுலபம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றி இறக்க முடியாது. ஹைட்ராலிக்கில் பம்பு, எண்ணெய்க் குழாய் என்று வேலை அதிகம், 16 அடிக்கு அது வேண்டாம்.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, படகு நீளத்தில் ஒரு அடிக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குல அகலம். அப்படிப் பார்த்தால் 16 வரும், ஆனால் அவுட்போர்டு வைத்த சின்னப் படகில் 12 அங்குல அகலம், 9 அங்குல நீளமே நன்றாக வேலை செய்கிறது. இடம் இருந்தால் நீளத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டுங்கள். மாட்டும்போது படகின் அடிவிளிம்பிலிருந்து கால் அங்குலம் மேலே, பக்க ஓரத்திலிருந்து மூன்று நான்கு அங்குலம் உள்ளே, இன்ஜினிலிருந்து ஒரு சாணாவது தள்ளி.

வளைத்து முடுக்கிய தகடு மட்டும் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். முகத்துவாரத்தில் உள்ளே வரும்போது அலை முதுகுக்குப் பின்னால் வரும். அப்போது தகடு கீழே இருந்தால் அமரம் எழும்பி அணியம் தண்ணீரில் குத்தும், அடுத்த அலை பின்னால் தள்ள, படகு சட்டென்று குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகைக் கவிழ்க்க ஒரு அலை போதும். பின்னலையில் தகடு முழுக்க மேலே இருக்க வேண்டும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் அப்படித்தான். மேலே தூக்க முடியாத தகட்டோடு வெள்ளாற்று வாயில் நுழையாதீர்கள்.

அம்மாபேட்டை_வெல்டிங்:
தகடு செய்வது நம்ம ஊரில் கஷ்டமே இல்லை, ஆனால் எந்த எஸ்எஸ் என்று பாருங்கள். உருக்காலை இருக்கிற ஊர், எவர்சில்வர் என்றாலே நம்பிவிடுவோம். பாத்திரத்துக்கு வருகிற 202 ரகம் உப்புத் தண்ணீரில் ஒரு சீசன் தாங்காது. மேட்டூர் மாதிரி நல்ல தண்ணீர் என்றால் 304 போதும். கடலுக்கு 316 போடுங்கள், அதில் மாலிப்டினம் இருப்பதால் புள்ளி புள்ளியாக அரிப்பது குறையும். காந்தம் வைத்து 304-யும் 316-யும் பிரிக்க முடியாது, இரண்டிலும் ஒட்டாது. சொட்டு விட்டுப் பார்க்கும் மாலிப்டினம் டெஸ்ட் திரவம் இருக்கிறது, கடையில் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். கனம் இரண்டரை மில்லிமீட்டர், போல்ட்டும் 316-ஆகவே இருக்கட்டும்.

பின்பலகையில் துளை போடும் முன்னால் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். உள்ளே ப்ளைவுட் இருக்கும். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் ஊறிவிட்டது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யாமல் எதையும் மாட்டாதீர்கள். ஒவ்வொரு துளையிலும் பாலியூரிதேன் சீலன்ட் வழிய வழிய வைத்துத்தான் போல்ட் ஏற்ற வேண்டும்.

அஸ்தம்பட்டி_தூண்டில்:
அண்ணன்கள் எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் போய்ப் பார்த்தேன். சாய்வுப் பின் வெளியிலிருந்து இரண்டாவது துளையில் இருந்தது, உப்புப் பூத்து இறுகிப்போய் அரை மணி நேரம் தட்டித்தான் எடுத்தோம். இரண்டு துளை உள்ளே மாற்றினோம். பெட்ரோல் கேனை நீளமான குழாய் வாங்கி நடுப்பலகைக்குக் கொண்டுபோனோம், ஐஸ் பெட்டி அணியத்துக்குப் போய்விட்டது. முன்பு முக்கால் ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்த படகு இப்போது அரைக்குக் கொஞ்சம் மேலேயே படிந்து ஓடுகிறது, மிதவைகள் தெரிகின்றன. மாமாவால் நம்பவே முடியவில்லை.

சாய்வு மட்டும் போகவில்லை. அவரை நடுவில் உட்காரச் சொன்னால் கைப்பிடி எட்டவில்லை. அதனால் 12 வோல்ட் பேட்டரி ஒன்று வைத்து மின்சார வகையே போடலாம் என்று முடிவு, இரண்டு பக்கமும் தனித்தனி சுவிட்ச் இருப்பதால். பின்பலகை கணீரென்றுதான் கேட்டது.

முகத்துவாரம்:
நல்லது தம்பி. பேட்டரியையும் இடது பக்கமாக வைத்துக் கட்டுங்கள், சாய்வு அதிலேயே கொஞ்சம் குறையும். சுவிட்சை மாமாவின் கை எட்டும் இடத்தில் வையுங்கள், முகத்துவாரம் வருவதற்கு முன்னாலேயே இரண்டு தகட்டையும் தூக்கிவிட அவரைப் பழக்குங்கள்.